அழிக்காமல் விட்ட மூச்சு

பஃபலோ நகரம், ராத்திரி மூன்றே கால்.
ஃபில்மோர் அவென்யூவில் பனி கீழே விழவில்லை,
ஏரிப் பக்கமிருந்து குறுக்கே ஓடுகிறது.
நாற்பத்தேழாம் எண் வண்டியின் இரும்பு நாக்கு
தெருவை வழித்துக்கொண்டே போகிறது.
கஸிமிர் வயர்லெஸில் கேட்கிறார்:
"உயிரோடுதான் இருக்கிறாயா?"
"பாட்டு ஓடுகிறது."
"மறுபடியும் அதுவா!"

அதேதான்.
வெர்டெல் மாஸ்பி தன் அறுபத்திரண்டாம் வயதில் பாடியது.
அதற்கு முன் நாற்பது வருஷம்
அவள் மெதுவாகத்தான் பாடினாள்,
ஒவ்வொரு சொல்லையும் வெந்நீரில் ஊறவைத்துத்
தோலுரித்துக் கையில் கொடுப்பவளைப் போல.
என் மாமாவை அடக்கம் செய்த அன்று அவள் குரல்.
ஆர்டெல்லை நான் மணந்த அன்றும் அவளேதான்.
நாங்கள் பிரிந்த அன்று எதுவும் ஓடவில்லை,
ஃப்ரிட்ஜின் முனகலைத் தவிர.

பிறகு இந்தப் பாட்டு வந்தது.
மெஷின் தாளம். ஐஸ் கட்டி கிளாஸில் விழுவது போல் சிந்தசைசர்.
பல்லவியில் மொத்தமே மூன்று சொல்:
விளக்கை இப்போது அணைக்காதே.
ஆர்டெல் முகத்தைச் சுளித்தான்:
"விலை போய்விட்டாள்.
மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்த மகாராணி."
அவன் பேச்சில் எப்போதும் கொஞ்சம் நியாயம் இருக்கும்,
அவனோடு குடித்தனம் செய்வதில்
அதுதான் கஷ்டம்.

ஆனால் கேள்.
தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை,
வட்டிக்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி.
அவளோ ஒவ்வொரு அடிக்கும்
ஒரு மயிரிழை பிந்தி வருகிறாள்.
தடுமாற்றம் இல்லை அது.
கடனை நேற்றே அடைத்துவிட்டவள்
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
கதவைத் திறக்க எழுந்து வருகிற நிதானம்.
இருபது வயதுக்காரி பாடியிருந்தால்
மெஷின் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும்.
இங்கே அது
அவள் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வருகிறது.

நான்காம் நிமிடத்துக்குச் சற்று முன்
எல்லாம் நின்றுவிடும்,
தாளம், ஐஸ் கட்டி, கூடப் பாடும் பெண்கள்.
அந்த வெற்றிடத்தில்
அவள் மூச்சிழுப்பது கேட்கும்.
கரகரத்த மூச்சு,
மூன்று மாடி ஏறிவந்து சாவியைத் தேடுபவளுடையது.
ஸ்டுடியோவில் ஒரு விரலால் அதை அழித்திருக்கலாம்.
வேண்டாமென்று சொன்னது யாரோ,
அவளா, பொத்தான்களுக்கு முன் உட்கார்ந்திருந்த பையனா,
அவர்கள் வீட்டில் நல்லது நடக்கட்டும்.

பிறகு பல்லவி வந்து விழும்.
எனக்கு ஐம்பத்தைந்து. இடது முட்டி தேய்ந்தாயிற்று.
பஞ்சு வைத்த மேலங்கி, இரண்டு ஜோடி காலுறை,
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
ஆட மிச்சமிருப்பது தோள் மட்டும்தான்.
தோள் ஆடுகிறது.

பிராட்வே திருப்பத்தில், பஸ் நிழற்குடைக்குள்
மருத்துவமனை உடுப்பில் ஒருத்தி.
பனி அவள்மேல் அடிக்காமலிருக்கக்
கத்தியைத் தூக்கிக்கொண்டு மெல்லக் கடக்கிறேன்.
கண்ணாடி மங்காமலிருக்க
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தேன்.
அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
காபிக் குவளையைப் பிடித்திருந்த கையில்
ஒரு விரல் மட்டும் இரண்டு முறை தட்டியது,
அடிக்குப் பிந்தி.
சரியாகப் பிந்தி.

வயர்லெஸ் கரகரக்கிறது.
"மைக்கை அணைக்காமல் விட்டுவிட்டாய்,
பாட்டு முழுக்க இங்கே கேட்டது" என்கிறார் கஸிமிர்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நடுவில் அந்த அம்மா அப்படி மூச்சு வாங்குகிறாளே,
உடம்புக்கு ஏதாவது…?"

"அவளுக்கு ஒன்றுமில்லை.
உப்பு எந்தத் தெருவில் குறைகிறது, சொல்லுங்கள்."